திறந்த கதவின் படம்

போர் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன அதே வாரத்தில் போர்த்துயர் ஆறுதல் வாரியமும் தொடங்கப்பட்டது. இடியாமல் தப்பியவற்றிலேயே நல்ல கட்டிடமாகப் பார்த்து அதற்கு ஒதுக்கினார்கள். மேல்மாடி தலைவருக்கு. அதற்குக் கீழே கூட்ட அரங்கு. தரைத்தளத்தில் விருந்தினர் அறை, விருந்தினரோடு வருகிறவர்களின் அறை, அவர்கள் செருப்பு விடும் அறை. ஆறுதல் தேவைப்படுகிறவர்களுக்கு நிலவறை. "பாதிக்கப்பட்டவங்களப் போய் மாடிப்படி ஏறச் சொல்றது பாவம் இல்லையா?" என்று தலைவர் கேட்டாராம். இறங்குவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடிக்காரரை அந்த நிலவறைக்கு அழைத்துப் போனது அவருடைய அக்கா.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடை அவருடையதுதான். ஒரு ஆள் நிற்கலாம், இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே போக வேண்டும். போர் நடந்தபோது அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில், குண்டு விழும் நாட்களில் எல்லாரும் கீழே நிலவறையில் போய் உட்காருவார்கள். ஒரு நாள் மத்தியானம், சத்தம் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, அவர் மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். திரும்பி வந்தபோது ஐந்து மாடியும் நிலவறையின் மேல் படுத்திருந்தது.

அடியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. கையால் தோண்டினார். தெருவில் இருந்தவர்களும் தோண்டினார்கள். தூக்குகிற இயந்திரம் வரும் வரும் என்றார்கள். மறுநாளும் தட்டுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு கேட்கவில்லை. அதாவது, மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

இப்போது அக்கா வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் வாசல் கதவு, பின்கதவு, அறைக்கதவு, அலமாரிக் கதவு எல்லாம் எந்நேரமும் திறந்தே கிடந்தன. பூனை வந்து பாலைக் குடித்தது. துடைப்பம் விற்கிறவன் நேரே சமையலறைக்கு வந்து விலை சொன்னான். ஒருவன் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனான்.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டாடா?" என்று அக்கா கத்தினார். அவர் திரைச்சீலை தைத்துப் பிழைப்பவர். "நேத்து தெச்சு வெச்ச பட்டுத்துணி மேல ஏதோ ஒரு நாய் படுத்துத் தூங்கிட்டுப் போயிருக்கு. ஒரு கதவையாவது சாத்தினா என்ன?"

"சாத்தினா தட்டுறாங்கக்கா."

"யாரு தட்டுறாங்க?"

அவர் போய் அலமாரிக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தார். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு வந்து தம்பியின் கையைப் பிடித்தார்.

வாரியத்தின் வாசலில் முழுச் சீருடையில், நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பட்டாளம் என்று கூப்பிட்டார்கள். முன்னாள் ராணுவ வீரர்களை வாரியம் எவ்வளவு நன்றாக ஆதரிக்கிறது என்பதை வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அவரைக் காவலாளியாக வைத்திருந்தார்கள். அவருக்கு ஒரு முழங்காலில் இன்னும் இரும்புத் துண்டு இருந்தது. நாற்காலி கேட்டபோது, உட்கார்ந்தால் பதக்கங்கள் தெரியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

நிலவறையில் ஆலோசகர் இருந்தாள். சின்ன வயது. மேஜையில் அவளுக்கு முன்னால் ஓர் அட்டை நின்றது. வாரியம் அனுமதித்த ஆறுதல் வாக்கியங்கள் அதில் அச்சாகியிருந்தன. வேறு வாக்கியங்களைச் சொந்தமாகச் சொன்னால் துயரம் கூடிவிடும் ஆபத்து இருப்பதாகப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்காவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். விசைவில் வைத்த, தானாகவே மூடிக்கொள்ளும் கனமான இரும்புக் கதவு.

"உங்கள் துயரம் எங்கள் துயரம், ஐயா" என்றாள்.

கண்ணாடிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. "அந்தக் கதவக் கொஞ்சம் தொறந்து வெச்சுக்கலாமாம்மா?"

"இங்க பேசறது ரகசியமா இருக்கணும் ஐயா. விதி அப்படி." அவள் அட்டையைப் பார்த்தாள். "நீங்கள் தனியாக இல்லை."

"தெரியும்மா" என்றார் அவர், கதவைப் பார்த்தபடி. "அதுதான் கஷ்டமா இருக்கு."

ஒத்துழைப்பு இல்லை என்று அவள் எழுதிக்கொண்டாள். ஆனால் நல்ல பெண். அவர் கேட்டதையும் மேலே சொல்லியனுப்பினாள். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

ஒரு பாதிக்கப்பட்டவர் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறார் என்ற செய்தி மேல்மாடியை எட்டியதும் கதவுத் துணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் கூட்டத்துக்குக் கண்ணாடிக்காரரையும் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்தார்கள். தலைவர் கண்ணீரோடுதான் பேச ஆரம்பித்தார். அவருக்குக் கண்ணீர் சுலபமாக வரும்.

"போர் மட்டும் வரலைன்னா இன்னிக்கு நாம இந்த அரங்குல உட்கார்ந்திருக்க முடியுமா? யாருக்காவது ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்க முடியுமா? பாதிக்கப்பட்டவங்க இல்லாம இந்த வாரியம் ஒரு நாள் ஓடாது. அதனால நாம அவங்களக் கைவிடவே மாட்டோம். அவங்களும் நம்மளக் கைவிடக் கூடாது. சில பேரு குணமாயிட்டு சொல்லாமக் கொள்ளாம நின்னுடறாங்க. மனசு எவ்வளவு வேதனைப்படும் தெரியுமா?"

எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணாடிக்காரரும் தட்டினார். தட்டாமல் இருப்பது மரியாதை இல்லையே.

கதவைத் திறந்தால் ரகசியம் போய்விடும் என்றார் ஒரு உறுப்பினர். பாதி திறக்கலாம் என்றார் இன்னொருவர். பாதி என்பது மூடியதில் பாதியா, திறந்ததில் பாதியா என்று மூன்றாமவர் கேட்டதில் மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. இன்றைக்குக் கதவு கேட்பவர் நாளைக்கு ஜன்னல் கேட்பார் என்ற கவலையும் எழுந்தது. கடைசியில் வாரியத்தின் அனுபவ நிபுணர் எழுந்தார். எப்போதும் கழுத்தில் துணி சுற்றியிருக்கும் மனிதர்; வருகிறவர்களுக்கு என்ன உணர்வு வர வேண்டும் என்று திட்டமிடுவது அவர் வேலை.

"கதவு திறந்திருக்கறது முக்கியமா, திறந்திருக்குங்கற உணர்வு முக்கியமா?"

உணர்வுதான் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

அடுத்த முறை கண்ணாடிக்காரர் நிலவறைக்குள் போனபோது, மூடிய கதவின் உட்பக்கம் முழுக்க ஒரு பெரிய புகைப்படம் ஒட்டியிருந்தது. திறந்த கதவின் படம். அதற்கு அப்பால் புல்வெளி, வெயில், தூரத்தில் ஒரு மரம். படத்தின் அழகைக் கெடுத்ததால் உட்பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். வெளியே இருக்கிறவர்தான் திறந்துவிட வேண்டும்.

"இப்ப எப்படி இருக்கு ஐயா?" என்று ஆலோசகர் கேட்டாள். உண்மையான ஆசையோடுதான் கேட்டாள்.

அவர் அந்தப் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னாலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. எழுந்து போய்ப் படத்தின் மேல் காதை வைத்தார். புல்லைத் தடவினார், மரத்தைத் தடவினார். பிடிக்க எதுவும் இல்லை. அவர் தடவுவதைப் பார்த்து, படம் பலனளிக்கிறது என்று அவள் எழுதினாள்.

அந்தச் சமயத்தில்தான் இணைத்துணைத் திட்டமும் வந்தது. ஒரு வீரரையும் ஒரு குடிமகனையும் ஜோடி சேர்த்துக் கைகுலுக்க வைத்துப் படம் பிடிப்பது திட்டத்தின் முதல் கட்டம். இரண்டாவது கட்டம் என்ன என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கண்ணாடிக்காரருக்குப் பட்டாளம் கிடைத்தார். படம் எடுத்து முடித்த பிறகும் இருவரும் கையை விடவில்லை. பட்டாளத்தின் கை நடுங்கிக்கொண்டே இருந்ததால், எப்போது விடுவது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை.

"பயப்படாதீங்கண்ணே" என்றார் பட்டாளம். "இது எப்பவும் இப்படித்தான். விருந்தாளி வந்தா பேண்டு வாசிக்கறாங்கல்ல, அந்தப் பெரிய மோளம் ஒவ்வொரு அடிக்கும் என் குடல் வெளிய வந்துட்டுப் போகும். உடனே சல்யூட் வெச்சுடுவேன். கைய நெத்தியில அழுத்திக்கிட்டா நடுங்கறது தெரியாது பாருங்க. ரொம்ப விறைப்பான ஆளுன்னு தலைவர் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்வாரு."

"சத்தத்த நிறுத்தச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். அப்புறம் வரவேற்புல என்ன மிச்சம் இருக்கும்னு கேட்டாங்க. அது போகட்டும், உங்களுக்கு ஏண்ணே கதவு தொறந்திருக்கணும்? மூச்சு முட்டுதா?"

"இல்ல தம்பி. தொறந்திருந்தா தட்ட வேண்டியதில்லல்ல. அவங்க பாட்டுக்கு வந்துடலாம்."

பட்டாளம் சிரிக்கவில்லை. அடுத்த முறை ஆலோசகர் கதவைச் சாத்தப் போனபோது அது முழுக்க மூடவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பளபளப்பான ஒரு பூட்ஸ் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். எதுவும் எழுதாமல் பேனாவை மூடினாள். கண்ணாடிக்காரர் அன்று முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்சம் தூங்கவும் செய்தார்.

பூட்ஸில் கீறல் விழுந்ததற்காகப் பட்டாளத்துக்கு எச்சரிக்கை வந்தது. வாரியத்தின் சொத்து அது.

பிறகு அனுபவ நிபுணருக்கு அடுத்த யோசனை உதித்தது. போரைப் பார்க்காத பெரிய மனிதர்கள் வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். போனால் போகிறது என்று அனுதாபப்படுகிறார்கள். அவர்களே அதை அனுபவித்தால்? நிலவறையையே குண்டுவீச்சின்போது ஒளியும் இடம் போல மாற்றி, இருட்டு, சத்தம், அதிர்வு எல்லாம் கொடுத்தால்? ஆறுதல் வழங்கும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு அனுபவ அறையைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஆலோசனை சொல்லக் கண்ணாடிக்காரரை அழைத்தார்கள்.

"மறைக்காமச் சொல்லுங்க ஐயா" என்றார் நிபுணர். "இருட்டு எப்படி இருந்துச்சு? நல்ல கெட்டியாவா?"

"புழுதி வாசனை இருக்கும்."

உடனே சலித்து எடுத்த சுத்தமான புழுதிக்கு ஆள் அனுப்பினார். "சத்தம்? விழற சத்தம் எங்கிட்ட இருக்கு. அதுக்கப்புறம்?"

கண்ணாடிக்காரர் நல்ல மனிதர். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது. "அப்புறம் தட்டற சத்தம்" என்றார்.

நிபுணரின் முகம் மலர்ந்தது. "அடடா! இத யாருமே செஞ்சதில்ல!" பேனாவை எடுத்துச் சுவரில் தட்டிக் காட்டினார், தாளம் போடுகிறவரைப் போல. "இப்படியா?"

"இல்லீங்க."

"இப்படியா?"

"இல்ல" என்றார் கண்ணாடிக்காரர். "ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல இடைவெளி கூடிக்கிட்டே போகும்."

"பிரமாதம்!" என்றார் நிபுணர்.

கண்ணாடிக்காரர் படியேறி வெளியே வந்து வாசலில் குந்திவிட்டார். பட்டாளம் குனிந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். பதக்கங்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவற்றைக் கையால் பொத்திக்கொண்டார்.

திறப்பு விழாவுக்குப் பேண்டு வந்தது. பட்டாளம் நீளமாக ஒரு சல்யூட் வைத்தார். நிலவறை வாசலில் ரிப்பன் வெட்டி, தலைவர், நிபுணர், சில பெரிய மனிதர்கள், விளக்கம் சொல்ல ஆலோசகர் எல்லாரும் உள்ளே போனார்கள். போவதற்கு முன் தலைவர் மேலாளரிடம் சொன்னார்: "அனுபவம் முழுசா கிடைக்கணும். முடியற வரைக்கும் யார் தட்டினாலும் தொறக்கக் கூடாது. நானே தட்டினாலும்."

கதவு மூடிக்கொண்டது. இந்தப் பக்கம் மேலாளர், இரண்டு வரிசை விருந்தினர்கள், காட்சிக்காக நிறுத்தப்பட்ட கண்ணாடிக்காரர், பட்டாளம்.

உள்ளே குண்டு விழத் தொடங்கியது. படிக்கட்டுகள் அதிர்ந்தன. பட்டாளத்தின் இரண்டு கைகளும் நெற்றிக்குப் போயின. திடீரென்று எங்கேயோ ஏதோ பொறி பறந்தது போலப் படீரென்று சத்தம் கேட்டது. மொத்தக் கட்டிடத்திலும் மின்சாரம் நின்றது. ஒலிபெருக்கி பாதிக் குண்டில் ஊமையானது.

அமைதி. பிறகு கதவின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தம்.

"ஆஹா" என்று ஒரு விருந்தினர் மெல்லச் சொன்னார். "மயிர்க்கூச்செறியுது." இன்னொருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அலறல் வந்தபோது மேலாளர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

கண்ணாடிக்காரர் வழக்கம்போல அசையாமல் நின்றார். கேட்டுக்கேட்டுப் பழகிய சத்தம்தானே. இது தனக்கு மட்டும் கேட்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு மற்றவர்கள் கைதட்டுவதைப் பார்த்தார். இவர்களுக்கும் கேட்கிறதே. தட்டுகள் நெருங்கிக்கொண்டே வந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன.

"தொறங்க" என்றார்.

"முடியட்டும் பெரியவரே" என்றார் மேலாளர்.

"கரண்டே இல்ல, அப்புறம் என்ன முடியறது? அங்க நெஜமாத் தட்டறாங்கய்யா!"

"நெஜமாத்தான் இருக்கணும். அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம். தலைவரே தட்டினாலும் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் யாரையும் தள்ளியதில்லை. கடையில் இரண்டாவது ஆள் வந்தால்கூட அவர்தான் எழுந்து வெளியே நிற்பார். அன்று மேலாளரின் நெஞ்சில் கையை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினார். கைப்பிடியைப் பிடித்தார். கனத்த கதவு, கை வியர்வையில் வழுக்கியது. பின்னாலிருந்து பட்டாளத்தின் நடுங்குகிற கை வந்து அவர் கையின் மேல் விழுந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

வெள்ளை வெளேரென்று புழுதி படிந்த மனிதர்கள் வெளியே விழுந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர், இருமிக்கொண்டு, செருப்பில்லாமல். கண்ணாடிக்காரர் கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வெளியே வந்த ஒவ்வொருவரையும், இன்னும் யாரையோ எதிர்பார்க்கிறவர் போல. கடைசியாக ஆலோசகர் வந்தாள். தட்டியது அவள்தான். விரல் முட்டிகளில் ரத்தம். கதவுப் படத்திலிருந்து கிழிந்த புல்வெளியின் ஒரு துண்டு நகத்தில் ஒட்டியிருந்தது. எல்லாரும் வந்தான பிறகும் அவர் கதவை விடவில்லை. இருட்டுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் அதற்குள் புகைப்படக்காரரைப் பார்த்துவிட்டுத் தலையைச் சீவியிருந்தார். அங்கேயே பேசினார்.

"இதுவரைக்கும் பாதிக்கப்பட்டவங்களுக்காகப் பேசினேன். இன்னிலேருந்து பாதிக்கப்பட்டவனாப் பேசறேன். சாதாரண மக்கள் எல்லாரும் ஒரு தயாரிப்போட போர அனுபவிச்சாங்க. ரேடியோல சொன்னாங்க, சைரன் ஊதினாங்க. நாங்க? எந்த முன்னறிவிப்பும் இல்லாம!"

உள்ளே மாட்டியவர்கள் முதல்நிலைப் பாதிப்பாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மேல்மாடியில், நாலு பக்கமும் ஜன்னல் உள்ள அறையில், கதவைத் திறந்து வைத்து ஆறுதல் தரப்பட்டது. மூடிய கதவைத் தானே அணுகித் திறந்ததால் கண்ணாடிக்காரர் குணமடைந்துவிட்டதாக முடிவு செய்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டாளம் அதைக் கேட்டதும் விருந்தினர் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வாசலின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தார். மேலாளர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். "முட்டி வலிக்குதுங்க" என்று மட்டும் சொல்லி, ஒவ்வொரு பதக்கமாகக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். கடைசியில் பூட்ஸையும் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

குளிர் போய் வெயில் வந்த ஒரு காலையில் கண்ணாடிக் கடைக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். பட்டாளம் நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வேலை தேடி அலையும் நாட்களில் அவர் அங்கேதான் வந்து இளைப்பாறுவார். அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். "ஆலோசகரம்மாவா? உள்ள போங்க."

"வேண்டாம்" என்றாள். கடை சின்னது. "இங்கயே நிக்கறேன்."

கண்ணாடிக்காரர் சக்கரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். அவள் மெலிந்திருந்தாள். "வேலைய விட்டுட்டேன் ஐயா. வீட்டுல குளியலறைக் கதவக் கூடத் தாழ் போட முடியல. அம்மா திட்டறாங்க. லிஃப்ட்ல ஏற முடியல. யாராவது மேஜையில விரலத் தட்டினா..." நிறுத்தினாள். "அது எப்ப நிக்கும்?"

"தெரியலம்மா" என்றார். "சில நாள் மறந்து போயிடும். மறந்து போச்சேன்னு நெனப்பு வந்ததும் மறுபடி ஆரம்பிச்சுடும்."

பட்டாளம் எழுந்து ஸ்டூலை அவளிடம் தள்ளிவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள்: "அன்னிக்கு உங்க கட்டிடத்துக்கு அடியில யாரெல்லாம் இருந்தாங்க?"

மனைவி என்றார். மச்சினன். மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார், எந்தக் குண்டுக்கும் சீப்பை மறக்காமல் எடுத்து வருகிறவர். "நான் குடத்த எடுத்தப்ப அவ சொன்னா, சீக்கிரம் வாங்க, போன எடத்துல கதையளந்துட்டு நிக்காதீங்கன்னு." கையில் ஒட்டியிருந்த லென்ஸ் தூளைத் துடைத்தார். "நான் கதையளந்துட்டுத்தாம்மா நின்னேன். அதான் நான் இருக்கேன்."

"யார் கூட?"

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். அந்த மத்தியானத்தை ஒவ்வொரு நாளும் பார்த்தவர், குழாயிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பாதையைத்தான் பார்த்திருந்தார். நினைவில் குழாயடி வரைக்கும் அவர் போனதேயில்லை.

"ஒரு அம்மா" என்றார் மெதுவாக. "வயசானவங்க. யாருன்னு தெரியாது. ஓடி வந்ததுல மூக்குக் கண்ணாடி காது கிட்ட ஒடிஞ்சிருந்துச்சு. ஒண்ணுமே தெரியலன்னு அழுதாங்க. எங்க போகணும்னே தெரியல அவங்களுக்கு. சட்டையிலேருந்து ஒரு நூல உருவி..." அவருடைய விரல்கள் காற்றில் எதையோ சுற்றி முடிச்சுப் போட்டன. "இறுக்கிக் கட்டிக் குடுத்தேன். மாட்டிக்கிட்டுத் தெருவ இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தாங்க. நல்லாத் தெரியுதுப்பான்னு சொன்னாங்க."